நகை எங்கே

2025 ஜூன் 28 அன்று சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில் அஜித்குமார் என்ற இளைஞர் போலீஸ் விசாரணையில் இறந்தார். பத்ரகாளியம்மன் கோயிலில் தற்காலிகக் காவலாளி. அதற்கு முந்தைய நாள் கோயிலுக்கு வந்த குடும்பம் ஒன்று, காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்று புகார் சொன்னது. காரை நிறுத்தச் சொல்லிக் கொடுத்த சாவி அவர் கையில் இருந்தது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. வேறொருவரை ஓட்டச் சொன்னார். அவருக்கும் அந்த நகைக்கும் ஊரறிந்த தொடர்பு அவ்வளவுதான். தனிப்படை வந்தது. கோயிலுக்குப் பின்னால் மாடு கட்டும் இடத்தில் வைத்து அடித்தார்கள். கோயில் ஊழியர் ஒருவர் கழிவறை ஜன்னல் வழியாகச் செல்போனில் எடுத்த சில விநாடிக் காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. பிரேதப் பரிசோதனையில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்களை எண்ணினார்கள். அடித்தவர்களுக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் வேண்டியிருந்தது. நகை எங்கே?

மாடு கட்டும் இடத்துக்கு ஏன் கொண்டுபோனார்கள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்த வேண்டும், பேச்சும் பதிவாக வேண்டும், பதினெட்டு மாதப் பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூனில்தான் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்திருந்தார்கள். அந்த நிலையத்தில் கேமரா இருந்தது. ஆனால் பதிவுகள் அன்றன்றைக்கே அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள் என்பதை நேரில் போய்ப் பார்த்த கோவில்பட்டி மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். இனி கேமரா கண்ணை மூடாது என்று ஆனபோது அடி நிற்கவில்லை, இடம் மாறிக்கொண்டது. தோப்பு, லாட்ஜ், பூட்டிக் கிடக்கும் குடியிருப்பு, மாட்டுத்தொழுவம்.

தமிழில் ‘விசாரணை’ என்ற சொல் படும் பாட்டைப் பாருங்கள். ஊரிலிருந்து வருகிறவரிடம் ‘அம்மாவை விசாரிச்சதாச் சொல்லுங்க’ என்கிறோம். அது அன்பு. நீதிமன்றத்தில் சாட்சிகளை நிறுத்தி, குறுக்குக் கேள்வி கேட்டு, இரண்டு பக்கத்தையும் கேட்டபின் தீர்ப்புச் சொல்வதும் விசாரணை. ‘விசாரணைக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க’ என்று பக்கத்து வீட்டில் சொன்னால் மட்டும் நம் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. ‘நல்லா விசாரிச்சுட்டாங்க’ என்றால் அடித்து நொறுக்கிவிட்டார்கள் என்றே பொருள். இதற்கு யாரும் நமக்கு அகராதி வாசித்துக் காட்டியதில்லை. மூன்றாவது விசாரணை, நடுவிலுள்ள விசாரணையை எப்படி விழுங்குகிறது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

திருப்புவனத்திலிருந்து மதுரை கூப்பிடு தூரம். நகைத் திருட்டு என்று சொல்லி, விசாரிக்காமல் ஒருவனைக் கொன்ற ஊர் அது என்று நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறார்கள். பாண்டியனின் அவசரத்தையும் கண்ணகியின் கோபத்தையும் பற்றி எவ்வளவோ பேசியாகிவிட்டது. எனக்கு அதில் மறக்க முடியாத இடம் அரசவை அல்ல. கோவலன் வெட்டுப்படுவதற்கு முந்தைய சில நிமிடங்கள். இளங்கோ அதை ஒரு காவல் நிலையத்துக்குள் உட்கார்ந்து பார்த்தவரைப் போல எழுதியிருக்கிறார்.

அரசனின் ஆணையோடு ஊர்க்காவலர்கள் வருகிறார்கள். பொற்கொல்லன் கூடவே வருகிறான். உண்மையில் அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன்தான். ஒரு காவலன் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறான். இந்த முகம் திருடன் முகமாக இல்லையே என்கிறான். அந்த ஒரு தயக்கத்தில் கோவலனின் உயிர் சற்று நேரம் தொங்குகிறது. உடனே பொற்கொல்லன் பாடம் நடத்தத் தொடங்குகிறான். கள்வர்களுக்கு மந்திரம் உண்டு, தெய்வம் உண்டு, மருந்து உண்டு, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டை அடுக்குகிறான். அவர்கள் முகத்தைப் பார்த்து ஏமாறாதே என்கிறான். இளைய காவலன் ஒருவனும் சேர்ந்துகொள்கிறான். மழைபெய்த ஓர் இருட்டில் திருடன் ஒருவன் தன் கையிலிருந்த வாளையே பறித்துக்கொண்டு மறைந்த கதையைச் சொல்கிறான். இவர்களைக் கையாள்வது கடினம், விட்டுவிட்டாலோ அரசன் நம்மைச் சும்மா விடமாட்டான், என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. படிப்பறிவில்லாத, குடித்திருந்த ஒருவன் வாளை வீசுகிறான். முடிந்துவிட்டது.

பழைய அனுபவம் ஒன்று, மேலிடத்துப் பயம் ஒன்று, திருடர்கள் இப்படித்தான் என்ற முன்முடிவு ஒன்று, குடித்த கை ஒன்று. இந்த நான்கும் கூடும் இடத்தில் தயங்கியவனின் குரல் எடுபடாது. மடப்புரம் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்ட முக்கியமான கேள்வி, யார் சொல்லித் தனிப்படை இதைக் கையில் எடுத்தது என்பது. ‘மேலே இருந்து பிரஷர்’ என்று எந்தக் காவலரைக் கேட்டாலும் சொல்வார். அது பொய்யும் அல்ல. நம் காவல் நிலையங்களில் தயங்குகிறவர்கள் இல்லை என்று நான் நினைக்கவில்லை. சாத்தான்குளத்தில் ஒரு பெண் தலைமைக் காவலர், இரவெல்லாம் அடித்ததையும், லத்தியிலும் மேசையிலும் ரத்தம் இருந்ததையும் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். அந்த நிலையத்துக்குள்ளேயே நின்று, சக காவலர்கள் சுற்றி இருக்கும்போது சொன்னார். அவரைப் போன்றவர்கள் காவல் துறையில் இருக்கிறார்கள். அவர்கள் தயங்கும் அந்த நிமிடத்தில் துணைக்கு வர சட்டம் கிட்டத்தில் இருப்பதில்லை, அதுதான் குறை.

கண்ணகி சிலம்போடு வந்த பிறகுதான் கோவலனுக்கு விசாரணை நடந்தது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்தால் ஒரு நொடியில் தெரிகிற சாட்சியம். கொல்வதற்கு முன்பே அதைச் செய்திருக்கலாம். இறந்தவனுக்குத்தான் நியாயமான விசாரணை கிடைக்கும் என்பது நம்மிடம் அன்றிலிருந்து வரும் வழக்கம் போலும். உயிரோடு இருக்கும்போது எஃப்.ஐ.ஆர். கூட ஒழுங்காகப் போடாதவர்கள் இறந்த பிறகு நீதித்துறை நடுவர் விசாரணை, வீடியோ பதிவோடு பிரேதப் பரிசோதனை, சிபிசிஐடி, சிபிஐ என்று வரிசையாக வருகிறார்கள். இவ்வளவு கவனத்தில் பத்தில் ஒரு பங்கு அந்த உயிருக்குக் கிடைத்திருந்தால் போதும்.

நம் ஊரின் சித்திரவதைக்கு எழுத்தில் ஒரு பெரிய ஆவணம் உண்டு. 1854இல் லண்டன் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்ததால், சென்னை மாகாணத்தில் நடக்கும் சித்திரவதையை விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட ஆணையம் அமைத்தார்கள். 1855இல் அறிக்கை வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முறையிட்டார்கள். வெகுதூரத்திலிருந்து வந்து சொன்னவர்கள் உண்டு. நிலவரி வசூலிக்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் செய்த கொடுமைகளை அந்த அறிக்கை வரிசைப்படுத்துகிறது. ஆங்கிலத்தில் எழுதிய அந்த அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் அப்படியே இருக்கின்றன. ஒன்று அண்ணாந்தாள்: ஆளைக் குனியவைத்து அசைய முடியாதபடி கட்டிப்போடுவது. இன்னொன்று கிட்டி: இரண்டு கோல்களை ஒரு முனையில் சேர்த்துக் கட்டி, நடுவில் விரல்களை வைத்து நெரிப்பது. பழி முழுவதையும் உள்ளூர்ச் சிப்பந்திகள் மேல் போட்டுவிட்டு, வரி கேட்ட வெள்ளை அதிகாரிகளை விட்டுவிட்டார்கள் என்பது அந்த அறிக்கையின் பெரிய பொய். 1857இல் கார்ல் மார்க்ஸ் ஒரு நியூயார்க் நாளிதழில் இதைப் பற்றி எழுதினார். இன்றும் நாளிதழைத் திறந்தால் ‘போலீசார் கிடுக்கிப்பிடி விசாரணை’ என்று இருக்கிறது. கிடுக்கியும் கிட்டியும் செய்யும் வேலை ஒன்றுதான். அதை எழுதுகிறவர் அதை ஒரு பாராட்டாகவே எழுதுகிறார்.

தங்கள் போலீசை வெள்ளைக்காரனே நம்பவில்லை. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1861இல் சட்டம் செய்தான். 1872இன் சாட்சியச் சட்டத்தில் அது 25ஆம் பிரிவு ஆனது. 2024 ஜூலையிலிருந்து பாரதிய சாட்சிய அதினியத்தில் 23ஆம் பிரிவு. கதவைப் பூட்டியவர்கள் பக்கத்திலேயே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். பழைய சட்டத்தின் 27ஆம் பிரிவு: போலீஸ் பிடியில் இருப்பவன் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த அளவுக்கு அவன் பேச்சு சாட்சியம் ஆகும். புதிய சட்டத்திலும் அந்த ஜன்னல் இருக்கிறது. நீதிமன்ற வளாகத்தில் இதற்குப் பெயர் ரெக்கவரி. ‘ரெக்கவரி இருக்கா?’ என்றுதான் குமாஸ்தா முதலில் கேட்பார்.

சொல் செல்லாது, பொருள் செல்லும். அதனால் அடி பொருளை நோக்கிப் போகிறது. கொலை வழக்கில் பிடிபட்டவனைவிட நகைத் திருட்டில் சந்தேகப்பட்டுப் பிடித்த ஏழைக்கு ஏன் இவ்வளவு அடி என்று கேட்டால், காரணம் இங்கேதான் இருக்கிறது. பறிகொடுத்தவருக்குத் தேவை தீர்ப்பு அல்ல, நகை. நிலையத்துக்குத் தேவை கணக்கு: இத்தனை சவரன் போனது, இத்தனை சவரன் மீட்டோம். நகையை மேசையில் பரப்பி வைத்துப் படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கும் நாளுக்காக எல்லாரும் காத்திருக்கிறார்கள். எடுத்தவனாக இருந்தால் இடத்தைச் சொல்லித் தப்பலாம். எடுக்காதவன் என்ன சொல்வான்? அவனுக்குச் சொல்ல இடமே இல்லை. அடி தாங்காமல் ஏதோ ஓர் இடத்தைச் சொல்வான், அங்கே இருக்காது, ஏமாற்றினாய் என்று இன்னும் அடிப்பார்கள். நிரபராதிக்குத்தான் அதிக அடி விழும் ஏற்பாடு இது. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் இறந்த ராஜாக்கண்ணுவையும் ஒரு நகைத் திருட்டுப் புகாருக்காகத்தான் அடித்தார்கள்.

நியாயமான விசாரணை என்றால் கறுப்பு அங்கி, கூண்டு, வாதம் என்று நினைக்கிறோம். அது தொடங்கும் இடம் அதைவிடச் சின்னது. கைது செய்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுவர வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. ரிமாண்ட் என்று சொல்லும் அந்தச் சில நிமிடங்கள்தான் விசாரணையின் முதல் படி. சாத்தான்குளத்தில் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அந்தப் படியை ஏறித்தான் போனார்கள். முந்தைய இரவெல்லாம் அடிபட்டவர்கள். ரத்தத்தில் நனைந்த லுங்கிகளை மாற்றி மாற்றிக் கட்டவேண்டியிருந்தது என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அரசு மருத்துவமனையில் உடல் தகுதிச் சான்று கிடைத்தது. ரிமாண்டும் கிடைத்தது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்தார்கள். ஜூன் 22 இரவு மகன், 23 காலை தந்தை. காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம், சிறை என்று நான்கு வாசலைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். நான்கில் ஒரு வாசலில் ஒருவர் ‘நில்லுங்க, என்ன இது ரத்தம்?’ என்று கேட்டிருந்தால் போதும்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு சிறு நகர மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் காசோலை வழக்கு ஒன்றில் சாட்சி சொல்லப் போயிருந்தேன். எங்கள் வழக்குக்கு முன்னால் ஒரு ரிமாண்ட். இருபது வயதைத் தாண்டாத பையன். பம்ப்செட் மோட்டார் திருட்டு. வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. வெள்ளை இன்னும் அழுக்காகவில்லை. வேட்டியை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றான். மாஜிஸ்திரேட் கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, ‘போலீஸ் அடிச்சாங்களாப்பா?’ என்று கேட்டார். கனிவாகத்தான் கேட்டார். பையன் அவரைப் பார்க்கவில்லை. தனக்கு ஓர் அடி தள்ளி நின்ற ஏட்டய்யாவின் பூட்ஸைப் பார்த்தான். ‘இல்லீங்கய்யா. வழுக்கி விழுந்துட்டேன்’ என்றான். பதினைந்து நாள் காவல். இடது கைப் பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கினார்கள். எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது.

வெளியே டீக்கடையில் அவனை வேனில் ஏற்றுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். ‘ஸ்டேஷன் பாத்ரூம்ல வழுக்கிட்டான் போல’ என்று ஒருவர் சொல்ல, டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் வரை எல்லாரும் சிரித்தார்கள். நானும் புன்னகைத்தேன் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அது எனக்குத் தவறாகத் தெரியவில்லை. இப்போது அந்தச் சிரிப்பு எல்லார் செல்போனிலும் இருக்கிறது. கொடூரமான குற்றம் ஒன்று நடந்து யாரையாவது பிடித்ததும், ‘மாவுக்கட்டு எப்போ?’ என்று கேட்கிறார்கள். கையும் காலும் கட்டுப்போட்ட படம் வந்ததும் கைதட்டுகிறார்கள். குற்றப்பத்திரிகை இல்லை, சாட்சி இல்லை, தண்டனை மட்டும் முதல் நாளே நிறைவேறிவிடுகிறது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், காவல் நிலையக் கழிவறைகளில் பிடிபட்டவர்கள் மட்டும்தான் வழுக்கி விழுகிறார்களா, போலீஸ்காரர்கள் விழுவதில்லையா என்று கேட்டது. அடுத்த மாதம் மடப்புரம். கழிவறையில் விழுந்ததாகச் சொன்ன கதைக்குச் சிரித்த நாமே, கழிவறை ஜன்னல் வழியாக எடுத்த காட்சியைப் பார்த்து அழுதோம். அந்தச் சிரிப்பு இல்லாமல் இந்த அடி இத்தனை காலம் நடந்திருக்காது.

‘உண்மையிலேயே குற்றம் செய்தவனாக இருந்தால்?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பெண்களைப் பெற்றவர்கள் கேட்கும்போது அதை லேசாக ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. 2019 நவம்பரில் ஹைதராபாத் அருகே கால்நடை மருத்துவர் ஒருவரைக் கூட்டுவன்புணர்வு செய்து எரித்தார்கள். டிசம்பர் 6 விடிகாலை, பிடிபட்ட நால்வரையும் சட்டான்பள்ளியில் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸ்காரர்கள் மேல் பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையம், வேண்டுமென்றே கொல்லும் நோக்கத்தோடு சுட்டார்கள் என்றும், இறந்தவர்களில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும், பத்து போலீஸார் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றும் அறிக்கை தந்தது. நான் அடிக்கடி நினைப்பது அந்த மருத்துவரை. அவருக்கு அன்றிரவு என்ன நடந்தது, யார் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு நீதிமன்றம் சாட்சிகளைக் கேட்டு எழுதிவைக்கும் நாள் இனி வராது. பிடிபட்டவர்களோடு அவருடைய வழக்கும் அங்கே செத்தது. நியாயமான விசாரணை குற்றவாளிக்குக் காட்டும் சலுகை என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நாம் கொடுக்க முடிந்த கடைசிப் பொருள் உண்மை ஒன்றுதான்.

சாத்தான்குளம் வழக்கில் இன்ஸ்பெக்டர் உட்பட ஒன்பது போலீஸார் கொலைக் குற்றச்சாட்டோடு மதுரை நீதிமன்றத்தில் நின்றார்கள். அவர்களுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். ஜாமீன் மனு போட்டார்கள், காரணம் எழுதித் தள்ளுபடி செய்தார்கள். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். ஆண்டுக்கணக்கில் வாய்தா ஓடியது. யாரும் அவர்களை மாட்டுத்தொழுவத்துக்குக் கொண்டுபோகவில்லை. அது சரி. அப்படித்தான் இருக்க வேண்டும். ஜெயராஜும் பென்னிக்ஸும் கேட்டிருக்கக்கூடியதும் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. கடையை அடைக்கும் நேரத்தைத் தாண்டித் திறந்து வைத்திருந்தார்கள் என்ற புகாருக்கு எவ்வளவு அபராதம் வந்திருக்கும்?

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. அதற்கான சட்டம் வரவேண்டும், ரெக்கவரி ஜன்னலை அடைக்க வேண்டும் என்று கேட்பவர்களோடு நானும் நிற்கிறேன். அவை வரும்போது வரட்டும். நாளைக் காலையே செய்யக்கூடிய ஒன்றை மட்டும் மாஜிஸ்திரேட்டுகளிடம் கேட்டுக்கொள்கிறேன். ஒருவன் உங்களிடம் தானாக ஒப்புதல் வாக்குமூலம் தர வரும்போது போலீஸாரை வெளியே அனுப்பிவிடுகிறீர்கள். யோசிக்க நேரம் கொடுக்கிறீர்கள். கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்கிறீர்கள். ரிமாண்டுக்கு வருபவனுக்கும் அந்தத் தனிமையைக் கொடுங்கள். ஏட்டய்யாவை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்துங்கள். கோப்பை மூடிவைத்துவிட்டு அவன் வேட்டியையும் கையையும் காலையும் பாருங்கள். அதன் பிறகு கேளுங்கள், போலீஸ் அடிச்சாங்களாப்பா என்று.